குஞ்சம்மாள் வீட்டுக்குக் கிணறு கிடையாது

அரியலூர், செந்துறை, ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் இருபது முப்பது வருடங்களுக்கு முன் கல்யாணம் செய்துகொண்டவர்கள், பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தால் ஏதாவது ஒரு பக்கத்தில் அறிவரசனின் குடிசை இருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் விறைப்பாக முன்னால் நிற்பார்கள். பின்னால் திரைச்சீலையில் குடிசை நிற்கும். கூரை மேல் பூசணிக்கொடி, இரண்டு பக்கமும் தென்னை, வாசலில் கோலம், ஓரமாக ராட்டினம் போட்ட கிணறு, கிணற்றடியில் இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். இத்தனைக்கும் பின்னால் நீலமாக இரண்டு மலை, நடுவில் சூரியன். செந்துறையில் மலை ஏது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அந்தக் குடிசையில் யாரும் இருமியது கிடையாது. மழை ஒழுகியது கிடையாது. குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு எப்போதும் இருபது வயது, எப்போதும் வயிறு நிறைந்த முகம். தொழிலில் இறங்கிய நாளிலிருந்து அறிவரசன் அவளை எத்தனை சுவர்களில் வரைந்திருப்பான் என்று அவனுக்கே கணக்குத் தெரியாது. போட்டோ ஸ்டூடியோ போய் கல்யாண மண்டபம் வந்தது, மண்டபம் போய் அங்கன்வாடிச் சுவர் வந்தது, இப்போது ஓட்டல்காரர்கள் கூப்பிடுகிறார்கள். ஊரே காங்கிரீட்டாக மாறிய பிறகு, ஊருக்குக் குடிசை மேல் ஆசை வந்திருக்கிறது. குடியிருந்தவர்களுக்கு அல்ல, பார்ப்பவர்களுக்கு.

அவன் கைக்கு வந்த முதல் குடிசை ஒரு வெளிநாட்டுக் குடிசை. பத்தாம் வகுப்பில் கணக்கு அவனைக் கைவிட்ட வருடம், ஜெயங்கொண்டத்தில் ராஜராஜன் என்பவரின் ஸ்டூடியோவில் திரைச்சீலை ஒன்றை மழைத்தண்ணீர் தின்றுவிட்டது. நன்றாகப் படம் போடுவான் என்று யாரோ சொல்ல, அதைச் சரிசெய்ய இவனைக் கூப்பிட்டார். அந்தச் சீலையில் இருந்த வீட்டுக் கூரையிலிருந்து செங்கல் தூண் ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை, இவனுக்கும் தெரியவில்லை. புறாக்கூண்டாக இருக்கும் என்று ராஜராஜன் முடிவு செய்தார். அடுப்புப் புகை வெளியே போவதற்கென்று கூரையில் ஒரு தனி வழி வைத்து வீடு கட்டுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை அறிவரசன் வெகுகாலம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டான். புறாக்கூண்டை அழித்துவிட்டு அவன் தென்னைமரம் போட்டான். நம் வீடு மாதிரியே ஒன்று வரையட்டுமா என்று அவன் அப்போது கேட்டதற்கு ராஜராஜன் சிரித்தார்.

“கேமராவுக்கு முன்னால நிக்க வர்றவன், அவன் வூடு பின்னால தெரியக்கூடாதுன்னுதான்டா காசு குடுக்கறான்.”

உண்மைதான். அன்றைக்கு அவன் வீட்டுப் பின்னணியில் நின்று படம் எடுத்துக்கொள்ள அவனே சம்மதித்திருக்க மாட்டான்.

அந்த வீடு செந்துறைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், ஊரை விட்டு இரண்டு வயல் தள்ளி, காலனியில் இருந்தது. இருபத்து மூன்று குடிசைகளில் பதினோராவது. அப்பா முருகையன் கூலிக்காரர், கருப்புச்சட்டைக்காரர். பிள்ளைக்கு எந்தச் சாமி பெயரும் கூடாது என்று அடம்பிடித்து அறிவரசன் என்று வைத்தவர். அம்மா குஞ்சம்மாள். கல்யாணமான வருடமே இருவரும் மண் குழைத்து எழுப்பிய சுவர் அது. கூரையின் அடியில் பனையோலை, அதன் மேல் வரகுத்தாள். வரகுத்தாள் வேய்ந்த கூரை பழைய தேன் நிறத்தில் இருக்கும். மழை விழும்போது ஓலைக்கூரை மாதிரி சடசடக்காது. யாரோ தூரத்தில் அரிசி புடைப்பது போல ஒரு சத்தம் கேட்கும். காலை வெயிலில் கூரை இடுக்குகளின் வழியாக ஒளி வட்ட வட்டமாகத் தரையில் விழும். சாணி மெழுகிய தரையில் அந்த வட்டங்கள் நகர்வதைப் படுத்தபடி பார்த்தே அவன் நேரம் சொல்லப் பழகினான். மூன்றாவது வட்டம் அம்மிக்கல்லைத் தொட்டால் பள்ளிக்கூட மணி அடிக்கும். புகைக்குத் தனி வழி எதுவும் தேவைப்படவில்லை. அம்மா அடுப்பு மூட்டினால் கூரை முழுவதும் மெல்ல மூச்சு விடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது அயோக்கியத்தனம். அந்தக் கூரையில் தேள் இருந்தது. ஐப்பசியில் நாலு மூலையும் ஒழுகியது. அறிவரசனுக்கு ஒன்பது வயதில், ஒரு பங்குனிப் பகலில் தெருவே எரிந்து, ஆறு குடிசைகள் சாம்பலாயின. குடிசை அழகு என்று எழுதுகிறவர்களும் படம் போடுகிறவர்களும் ஒரு மழைக்காலம் அதில் குடியிருந்துவிட்டு வந்து பேசட்டும். 2010இல் அரசு காங்கிரீட் வீடு கொடுத்தபோது குஞ்சம்மாள் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. அறிவரசன் நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் வேலையாக இருந்தான். பத்து நாள் கழித்துத் திரும்பியபோது குடிசை இருந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டியிருந்தது. நல்லதுதான் என்று அவனும் சொன்னான், மனதாரச் சொன்னான்.

ஒரு போட்டோ இல்லை. போட்டோ ஸ்டூடியோவிலேயே வளர்ந்தவனிடம் அவன் பிறந்த வீட்டின் போட்டோ இல்லை. இடியப்போகிற குடிசையை யார் படம் எடுப்பார்கள்? பதினாலு வருடங்களுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. அவன் மனதில் வீடு இருந்தது, மனதில் விட்டுப்போனதை அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

போன தை மாதம்தான் அந்தத் தைரியம் போயிற்று. பேச்சுவாக்கில் குஞ்சம்மாள், ஆட்டுரல் வேப்பமரத்தடியில் கிடந்தது என்றாள். மறுவாரம் கேட்டபோது, வேப்பமரமா, நம் வாசலில் பூவரசுதானே என்றாள். இன்னொரு நாள், செத்துப்போன கணவரைக் காலையில் பார்த்தது போலப் பேசிவிட்டு, தானே திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டாள். எழுபத்தாறு வயது. அவள் தலைக்குள் ஒவ்வொரு மூலையாக அந்த வீடு இடிந்துகொண்டிருக்கிறது என்று அறிவரசனுக்குப் புரிந்தது. அவளோடு அதுவும் போய்விட்டால் பிறகு உலகத்தில் எங்கேயும் அது இல்லை. அவள் தெளிவாக இருக்கும்போதே அதை ஒரு சுவரில் நிறுத்தி, ‘ஆமாம், இதுதான்’ என்று அவள் வாயால் ஒரு முறை கேட்டுவிட வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் அவனுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை.

சுவர் தானாக வந்தது. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில், சென்னை நெடுஞ்சாலை ஓரம் பிரசாத் என்ற இளைஞர் ஒரு ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் நெல்லும் முந்திரியுமாக இருக்கும் குடும்பம். அவர் ஓட்டல் படிப்புப் படித்து, நாலு வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நல்ல பையன். வேலைக்காரர்களோடு உட்கார்ந்து டீ குடிப்பவர். அறிவரசனை “அண்ணே” என்றுதான் கூப்பிட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்து நாலடி நீளச் சுவரைக் காட்டினார். அவர் விருப்பம் எளிமையானது. பழைய காலத்துக் கிராமத்து வீடு ஒன்று வேண்டும், எந்த வீடு என்பது அண்ணன் இஷ்டம். சாப்பிட வருகிறவர்கள் முன்னால் நின்று செல்பி எடுக்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

“பழசா இருக்கணும்ணே. அப்படியே பழசா.”

அறிவரசன் அன்று மாலையே அம்மா முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்தான். குஞ்சம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வூட்ட வரையப்போறியா? வூடு இருந்தப்ப ஒருநாள் ஏறி ஒரு கத்தை தாளு மாத்திப் போட்டிருப்பியாடா நீ?”

மூன்று நாள் மாலை கேட்டுக் கேட்டு எழுதினான். சில கேள்விகளுக்கு அவள் வெகுநேரம் சுவரைப் பார்த்தாள். சிலவற்றுக்குக் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் பட்டை. அதற்கு மேல், வயலில் பொறுக்கிய சுக்கான் கல்லைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. வடக்கு மூலையில் கூரை கொஞ்சம் தொங்கும், அது அப்பா கட்டிய மூலை. பூவரசுக்கும் சுவருக்கும் நடுவில் கோழிப் பஞ்சாரம். ஆட்டுரல் பூவரசுக்கு அடியில்தான், இப்போது நிச்சயமாகத் தெரிகிறது, ஏனென்றால் ஆட்டும்போது பூ மாவில் விழும். வாசலுக்குக் கதவு கிடையாது, ஓலை கட்டிய படல்தான். அப்புறம் அந்த வாசலின் உயரம்.

வாசல் கதையைச் சொல்லும்போது அவள் முகம் இளமையாயிற்று. காலனியில் எல்லா வீட்டு வாசலும் குனிந்துதான் நுழையும்படி இருக்கும். முருகையன் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்த மறுநாள், மண்வெட்டியை எடுத்து வாசலின் மேல்பக்கத்தை இரண்டு சாண் இடித்து உயர்த்திவிட்டார். வெளியிலே குனிந்தது போதாதா, என் வீட்டுக்குள்ளேயும் குனிந்து போகணுமா என்று கேட்டார். தெருவே சிரித்தது. சாரல் முழுக்க உள்ளே அடித்தது. குஞ்சம்மாள் அந்த மழைக்காலம் முழுவதும் அவரைத் திட்டித் தீர்த்தாள். ஊர்த்தெருக்காரர் ஒருவர் வழியில் நிறுத்தி, என்ன முருகையா, மாளிகை கட்டுறியாமே என்று கேட்டதும், திட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள்.

நோட்டு பாதி நிரம்பியது. இருந்தது எல்லாம் அதில் வந்துவிட்டது. இல்லாததை அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. இல்லாத பொருளை யார் பட்டியல் போட்டுச் சொல்வார்கள்?

எட்டு நாள் வரைந்தான். காலை பஸ்ஸில் அரியலூர், அங்கிருந்து பெரம்பலூர், அங்கிருந்து வாலிகண்டபுரம், மாலையில் அதே வழியில் திரும்புவது. வெள்ளை எமல்ஷனில் நிறம் கூட்டும் ஸ்டெய்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அந்தத் தேன் நிறத்தைப் பிடிக்கவே முதல் நாள் முழுவதும் ஆயிற்று. பிடித்ததும் சாரத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எத்தனையோ வருடங்களாக ஒரே மஞ்சளில் ஒரே கூரையை அடித்துத் தள்ளிய கை, முதல் தடவையாக ஒவ்வொரு தாளாக வைத்தது. பூசணிக்கொடியைப் போடவில்லை. மலையைப் போடவில்லை. தென்னையைப் போடவில்லை. வடக்கு மூலையைத் தொங்கவிட்டபோது அப்பாவின் கை தெரிந்தது. சுண்ணாம்பு உதிர்ந்து மண் தெரிகிற ஒரு இடத்தை வரைந்தபோது, அதே இடத்தில் சின்ன வயதில் நகத்தால் சுரண்டித் தின்ற மண்ணின் ருசி நாக்கில் வந்தது. வேலையாட்கள் சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் வீடு முடிந்துவிட்டது. வலது பக்கம் ஐந்தடி இடம் வெறுமையாகக் கிடந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து, களைப்பும் சந்தோஷமுமாக ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அதையும் நிரப்பினான். ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. பிரசாத் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் விட இதுதான் அருமை என்று அந்த மூலையைத் தொட்டார். உடனே ஆளை அனுப்பி ஒரு நிஜ ராட்டினமும் கயிறும் வாங்கிவந்து அங்கே சுவரில் அடித்துவிட்டார். சாப்பிட வருகிறவர்கள் கயிற்றைப் பிடித்துத் தண்ணீர் இறைப்பது போல நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அறிவரசனும் சிரித்துக்கொண்டே ஆணி எங்கே அடிப்பது என்று இடம் காட்டினான்.

மறுநாள் காலை குஞ்சம்மாளை அழைத்துவந்தான். அதற்கு மறுநாள் திறப்புவிழா. கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்ததால் அவளுக்குப் பார்வை நன்றாகத் தெரிந்தது. கூடத்துக்குள் நுழைந்தவள், நடுவிலேயே நின்றுவிட்டாள். பிறகு சுவரின் இடது கோடிக்குப் போய், கிட்டே முகத்தை வைத்துப் பார்க்கத் தொடங்கினாள்.

பஞ்சாரம் சரியாக இருக்கிறது என்றாள். செம்மண் பட்டை இன்னும் நாலு விரல் உயரம் வேண்டும் என்றாள். தொங்குகிற மூலையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். வாசலின் மேல்விளிம்பை எட்டித் தடவிப் பார்த்தாள். விரலில் ஒட்டிய தூசியை முந்தானையில் துடைத்தாள். அறிவரசன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் மூன்று எட்டு நடந்தால் சுவர் முடிந்துவிடும், அவள் திரும்பி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவாள்.

வலது கோடியில் அவள் நின்றாள். தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

“இது யாரு வூடுடா?”

“நம்ம வூடும்மா.”

“நம்ம வூட்டுக்கு ஏது கெணறு?”

வாசலுக்கு நாலடி தள்ளி, வட்டக் கைப்பிடிச் சுவரோடு, ராட்டினத்தோடு, இருபது வயதுப் பெண்ணோடு கிணறு அங்கே இருந்தது. அவன்தான் வரைந்தான். நேற்று, பாட்டுப் பாடிக்கொண்டு.

காலனிக்குக் கிணறு கிடையாது. ஊர்த்தெருவில் ஒரு மிராசுதாரரின் களத்துமேட்டுக் கிணறுதான். அதைத் தொடக்கூடாது, கயிற்றைத் தொடக்கூடாது, கைப்பிடிச் சுவருக்குப் பத்தடிக்குள் வரக்கூடாது. வேலிக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு நிற்க வேண்டும். அந்த வீட்டு ஆள் யாராவது வந்து, மனசு வந்தால் இறைத்து, தங்கள் வாளி குடத்தில் படாமல் எட்ட நின்று ஊற்றுவார்கள். பாதி குடத்தில் விழும், பாதி மண்ணில் விழும். ஊற்றுகிறவர் சாப்பிடப் போனால் நிற்க வேண்டும். தூங்கினால் நிற்க வேண்டும். அறிவரசனை ஏழு மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டு, ஒரு சித்திரை மாதத்தில் காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை நின்றிருக்கிறாள் குஞ்சம்மாள். இந்தக் கதையை அவன் நூறு தரம் கேட்டிருக்கிறான். நாட்டில் நடந்த வேறு எந்த அநியாயத்தை விடவும் இதுதான் அவனுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. அப்படியிருந்தும் கை கிணற்றை வரைந்துவிட்டது. எத்தனை கல்யாணச் சீலைகள், எத்தனை மண்டபச் சுவர்கள், எத்தனை குடிசைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலே ஒரு கிணறு. தாகத்தோடு நின்றவள் பெற்ற பிள்ளை, ஊரிலுள்ள எல்லாக் குடிசைக்கும் இலவசமாகக் கிணறு வெட்டிக் கொடுத்து, நின்றவர்களையெல்லாம் அழித்துக்கொண்டே வந்திருக்கிறான். இந்த நாட்டில் அழகு என்று பேர் வாங்குகிற பல படங்கள் இப்படித்தான் அழகாகியிருக்கின்றன.

அவன் வெள்ளைச் சாய வாளியைத் திறந்தான். அகலப் பிரஷை முக்கி எடுக்கும்போது பிரசாத் உள்ளே வந்தார்.

கிணற்றை எடுக்கப்போவதாகச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. திறப்புவிழா அழைப்போடு அந்த மூலையின் போட்டோதான் எல்லோருக்கும் போயிருக்கிறது. ராட்டினம் அடித்தாகிவிட்டது. கிணறு இல்லாவிட்டால் அந்தச் சுவரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். பிறகு, உண்மையிலேயே புரியாதவராக இன்னொன்றும் கேட்டார்.

“கெணறு இல்லன்னா தண்ணிக்கு என்னண்ணே பண்ணுவாங்க?”

அறிவரசன் வாயைத் திறப்பதற்குள் குஞ்சம்மாள் பதில் சொன்னாள்.

“உங்கள மாதிரி வூட்டுல ஊத்துவாங்க தம்பி. ஊத்துற வரைக்கும் நிப்போம்.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. மழை பெய்தால் நனைவோம் என்று சொல்வது போலச் சொன்னாள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் இவரைப் போன்ற ஒருவரின் முகத்தைப் பார்த்து அவள் தம்பி என்று சொல்லியிருக்க முடியாது. அறிவரசன் அதையும் கவனித்தான்.

பிரசாத்தின் முகம் சிவந்தது. தான் அப்படியெல்லாம் பார்க்கிறவன் இல்லை என்றார். தன் சமையல்கட்டில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று வந்து பார்க்கச் சொன்னார். சாப்பிட வருகிற இடத்தில் ஜனங்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றார். அதெல்லாம் நியாயமாகவும் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பழசெல்லாம் இப்ப எதுக்குண்ணே?”

“பழசத்தான சார் வரையச் சொன்னீங்க.”

பிரசாத் கடைசியாகச் சொன்னது இதுதான்: கிணறு இருந்தாக வேண்டும். கிணறு போனால் சுவர் முழுவதையும் மூடி பிளெக்ஸ் அடித்துவிடுவேன், வேறு வழியில்லை. அவரும் அதை விரும்பிச் சொல்லவில்லை. அறிவரசன் வீட்டைப் பார்த்தான். தேன் நிறக் கூரை, தொங்கும் மூலை, பூவரசு. பிளெக்ஸுக்குப் பின்னால் இன்னொரு தடவை அது காணாமல் போகும். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே போகும்.

“கெணறு இருக்கட்டும் சார்,” என்றான். “அத அதுக்குண்டான எடத்துல வச்சிடறேன். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க.”

வெள்ளையை முதலில் குடத்தோடு நின்ற அந்த இருபது வயதுப் பெண்ணின் மேல் அடித்தான். எத்தனையோ சுவர்களில் சிரித்தவள் இரண்டே இழுப்பில் மறைந்தாள். அடுத்து வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருந்த கோலம் போட்ட தரையை அழித்தான். அந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வரப்பு வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் கள்ளிவேலி வந்தது. நாலடி இடத்துக்குள் இரண்டு வயல் தூரத்தைக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. வேலியைச் சின்னதாக்கி, வரப்பை வளைத்து, கிணற்றின் நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்தான். கிணற்றுக்குப் பின்னால் ஓட்டுக்கூரையின் ஒரு மூலையைக் காட்டினான். அவ்வளவுதான், கிணறு குஞ்சம்மாள் வீட்டை விட்டு நடந்து தன் வீட்டுக்குப் போய்விட்டது. ராட்டினமும் கயிறும் இருந்த இடத்திலேயே இருந்தன, கயிறு அந்தப் பக்கம் தொங்கியது.

பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பெண்ணை நிறுத்தினான். காலடியில் மண்குடம். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. அவள் முகம் கிணற்றின் பக்கம் திரும்பியிருந்ததால் முகத்துக்குப் பதில் கொண்டைதான் தெரிந்தது.

பிரசாத் இதற்குள் நாலு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாவது தடவை வந்தவர் நகரவில்லை. அந்த வயிற்றையும், குடத்தையும், குடத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருக்கிற வேலியையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் கார் நிறுத்துமிடத்தில் மேலும் கீழும் நடந்து பேசுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பிளெக்ஸ்காரனோடு பேசுகிறார் என்று அறிவரசன் நினைத்தான். பிரஷைக் கழுவவில்லை. வருவது வரட்டும் என்று வேலியில் ஒரு கள்ளிப்பூவை வைத்தான்.

பத்து நிமிடம் கழித்து பிரசாத் திரும்பி வந்தார். யாரையும் பார்க்காமல் படத்தைப் பார்த்தபடியே பேசினார். அப்பாவுக்குப் போன் போட்டாராம். இந்த மாதிரியெல்லாம் நம் ஊரில் உண்டா என்று கேட்டாராம். அப்பா, அந்தப் படத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று மட்டும் கேட்டாராம்.

“கெழக்காலன்னேன்,” என்றார் பிரசாத். “நம்ம கெணத்துல தெக்கால நிப்பாங்கன்னாருண்ணே.”

மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை, வந்திருந்தாலும் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. சுவரில் ராட்டினத்தை அடித்திருந்த ஆணியை அவரே பிடித்து ஆட்டிப் பார்த்தார். கயிற்றைச் சுருட்டிக் கழற்றி எடுத்துக்கொண்டார். பிளெக்ஸ் பேச்சை அவரும் எடுக்கவில்லை. விளக்கு மாட்டக் காத்திருந்த ஆளிடம், அண்ணன் முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனார்.

குஞ்சம்மாள் இத்தனை நேரமும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இப்போது எழுந்து வந்து, இடது கோடியிலிருந்து மறுபடியும் பார்த்தாள். பூவரசு, பஞ்சாரம், வாசல், வரப்பு, வேலி என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வேலியோரம் நின்றவளிடம் வந்தாள். அவளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். அறிவரசனுக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

“வூடு சரியா இருக்குடா,” என்றாள். “நம்ம வூடுதான்.”

பிறகு வேலியோரப் பெண்ணை விரலால் காட்டினாள்.

“இவள மட்டும் ஏன் தனியா நிறுத்தின? ஆண்டாயி இல்லாம நான் ஒருநாளும் அங்க நின்னதில்ல. எனக்கு மயக்கம் வந்தா புடிச்சுக்குவா. தண்ணி ஊத்துறவங்கள பேர் சொல்லித் திட்டுவா, அவங்களுக்குக் கேக்காம. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டேதான்டா நின்னோம்.”

ஆண்டாயி பன்னிரண்டாவது வீடு. அறிவரசன் பிறப்பதற்கு முன்பே அம்மாவுக்குத் தோழி, அவன் தவழும் காலத்தில் செத்துப்போனவள். அவள் முகம் அவனுக்குத் தெரியாது, அம்மாவைத் தவிர இப்போது யாருக்கும் தெரியாது. எவ்வளவு உயரம் என்று கேட்டான். தன் காதுவரை என்று குஞ்சம்மாள் கையை வைத்துக் காட்டினாள். ஒல்லியா, குண்டா என்று கேட்டான். எங்களில் யாருடா குண்டு என்றாள். அவன் சிறிய தட்டில் நிறம் கலக்கத் தொடங்கினான். சேலைக்கு என்ன நிறம் என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

“பச்சை. வெளுத்துப்போன பச்சை. அவகிட்ட இருந்தது அது ஒண்ணுதான்.”